ஸ்ரீரங்கத்து முற்றத்தில் ஆர்க்கிட் பூக்குமா?

விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும். எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கத்து மல்லிகை ஒரு கூடை, அதை ஒட்டி சம்பங்கி, ஈரச் சாக்கில் சுற்றிய துளசிக் கட்டு. நந்தவனம் அமைத்து, ரங்கநாதருக்கு மாலை கட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட தொண்டரடிப்பொடி ஆழ்வார் வாழ்ந்த ஊர் இது. ஆற்றைத் தாண்டிப் போனால் சமயபுரம். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கினால் அங்கே பூ கூடைக் கணக்கில் அல்ல, வண்டிக் கணக்கில் வரும். இந்த ஊர்க்காரர்களுக்குப் பூவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

ஆனால் இதே ஊரில் பல வீடுகளில் ஒரே ஒரு செடி மட்டும் கைக்கு அடங்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஆர்க்கிட்.

பெரும்பாலும் அது பரிசாக வந்த செடி. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தங்கிவிட்ட வீடுகள் ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு வர முடியாத மகள் ஆன்லைனில் ஆர்டர் செய்து அனுப்பியிருப்பாள். வளைந்த காம்பில் வெள்ளையும் ஊதாவுமாகப் பத்துப் பூக்கள். இரண்டு மாதம் வாடாமல் நிற்கும். வந்தவர்கள் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக உதிரும், காம்பு காயும், இலை மட்டும் தளதளவென்று நிற்கும். ஒரு வருஷம் போகும், இரண்டு வருஷம் போகும். வீடியோ காலில் மகள் கேட்பாள்: "அம்மா, அது திரும்பப் பூத்துதா?"

"இலையெல்லாம் நன்னாத்தான் இருக்குடி. பூக்கத்தான் மாட்டேங்கறது."

செடிக்கு நோய் இல்லை. வளர்ப்பவரின் கையிலும் குறை இல்லை. வந்திருக்கும் விருந்தாளி எந்த ஊர்க்காரர் என்று யாரும் விசாரிக்காததுதான் விஷயம்.

பரிசுக் கடைகளில் அதிகம் விற்பது ஃபெலனாப்சிஸ் என்ற வகை. அந்துப்பூச்சி போன்றது என்று கிரேக்கத்தில் பொருள். இந்தோனேசியாவில் இதன் வெள்ளைப் பூ வகைக்கு நிலா ஆர்க்கிட் என்று பெயர். தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளில், பெரிய மரங்களின் கிளைகளில், இலைகளுக்கு நடுவே கசிந்து வரும் வெளிச்சத்தில் வாழ்ந்த குடும்பம். இது பூக்காம்பு விட வேண்டுமானால் சில வாரங்கள் தொடர்ந்து இதமான குளிர் தேவை. பகல் 25 டிகிரியை ஒட்டி, இரவு அதைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தால் செடிக்குச் செய்தி போய்ச் சேரும். 28 டிகிரிக்கு மேலேயே வெப்பம் நீடித்தால் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கும். பூவைப் பற்றி நினைக்காது. வணிகமாக வளர்ப்பவர்கள் குளிரூட்டிய கூடங்களில் பல வாரம் வைத்துக் காம்பு வரவழைத்த பிறகுதான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மகள் அனுப்பிய அந்தப் பத்துப் பூக்களும் வேறு ஏதோ ஒரு குளிரில் முடிவு செய்யப்பட்டவை.

இப்போது திருச்சியின் கணக்கைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி என்பது இங்கே செய்தியே அல்ல. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலைக்கோட்டைப் பாறையும் கான்கிரீட் மாடிகளும் இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கும். மார்கழி, தை இரவுகளிலும் 20 டிகிரிக்குக் கீழே வெகுவாக இறங்குவது அபூர்வம். அதாவது வருஷத்தில் ஏழெட்டு வாரங்கள் மட்டும் இந்த ஊர் ஃபெலனாப்சிஸுக்குக் கதவை லேசாகத் திறக்கிறது. அந்த வாரங்களில் செடி டி.வி. அலமாரியின் மேல் இருந்தால், கதவு மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த கார்த்திகை வரை பேச்சில்லை.

மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் எந்த ஊரில் எதை வைத்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சியில் வந்தது. தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் 1996இல் சிக்கிமின் பாக்யோங்கில் வந்தது. வாழைக்கு ஏற்ற ஊரில் நின்றுகொண்டு இமயமலைச் சாரலின் பூவைக் கேட்டால் கொஞ்சம் சிரமம்தான்.

அப்படியானால் திருச்சிக்கு ஆர்க்கிட்டே விதிக்கப்படவில்லையா? இதற்குப் பதில் சொல்ல ஒரு நல்ல இடம் காவிரிப் பாலத்துக்குத் தெற்கே இருக்கிறது.

மெயின்கார்டு கேட் நெரிசல், தெப்பக்குளத்தைச் சுற்றிய துணிக்கடைகள், லூர்து மாதா கோயிலின் உயர்ந்த கோபுரம். அதை ஒட்டித் தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி. அப்துல் கலாமும், ஸ்ரீரங்கத்தைக் கதைகளில் நிரந்தரமாகக் குடியேற்றிய சுஜாதாவும் படித்த இடம் என்று பலருக்குத் தெரியும். இதே வளாகத்தில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. ஜேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே.எம். மத்தேயு 1967இல் இதைத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சமவெளியையும் அதன் குன்றுகளையும் மாணவர்களோடு பல ஆண்டுகள் நடந்தே அலசி, செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, பெயர் எழுதி வைத்தார்கள். 1981 முதல் வெளிவந்த தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரங்கள் பற்றிய ஆங்கிலத் தொகுதிகள் அந்த உழைப்பில் விளைந்தவை. மத்தேயு 2004இல் மறைந்தார்.

சமவெளிச் செடிகளின் அந்தக் கணக்கில் ஆர்க்கிட்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்று பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தாவரவியல் படித்த எல்லோருக்கும் பழைய நண்பர். தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு தருக என்றால் தேர்வுத்தாளில் கை தானாக எழுதுமே, அந்த வாண்டா.

வாண்டா டெசலேட்டா. வறண்ட காட்டு மரங்களில், ஏன், சமவெளித் தோப்பு மரங்களிலும் ஒட்டிக்கொண்டு வாழும். பட்டையான, கெட்டியான இலை. நுனியை யாரோ கடித்துத் துப்பியதுபோல் இருக்கும். மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஊதா நாக்கு. வெயில் காலத்தில் பூக்கும். மணமும் உண்டு. மணம் இல்லாத பூவை மதிக்காத ஸ்ரீரங்கத்தில் இது சின்ன விஷயமல்ல. வாண்டா என்ற பெயரே மரத்தில் ஒட்டி வளரும் செடிகளைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனது. ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1795இல் வெளியிடத் தொடங்கிய படப் புத்தகத்தில் இந்தச் செடி இடம்பெற்றது. அந்தப் புத்தகத்தின் தலைப்பில் கோரமண்டல் கரை என்று இருக்கிறது. கோரமண்டல் என்பது சோழமண்டலம் திரிந்த பெயர். பழைய சோழர்களின் உறையூர் இந்தக் கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரம்.

மரத்தில் ஒட்டியிருப்பதால் இதைப் புல்லுருவி என்று நினைத்துப் பிய்த்துப் போடுகிறவர்கள் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேரை நுழைத்து உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்திடம் இருக்க இடம் மட்டும்தான் கேட்கிறது. மழை, பனி, காற்றில் வரும் தூசி, உதிர்ந்த இலைச் சத்து, இவ்வளவே அதன் சாப்பாடு. வேரின் மேல் வெள்ளியாகப் பஞ்சு போர்த்தியதுபோல் ஒரு உறை. பாடப்புத்தகம் சொல்லும் வெலாமன் திசு அதுதான். தண்ணீர் பட்ட நொடியில் குடித்துப் பச்சையாகும், காய்ந்தால் மறுபடி வெள்ளி. வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர் தினமும் பார்க்க வேண்டிய மீட்டர் இது. வேர் வெள்ளியாக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் சும்மா இருக்கலாம். ஆர்க்கிட்டைக் கொல்வது வறட்சி அல்ல, பாசம். தினமும் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்துவிடுகிறோம்.

ஆக, ஆர்க்கிட் ஒரே ஜாதி அல்ல. இந்தியாவில் மட்டும் 1,250க்கும் மேற்பட்ட இனங்கள். குளிர்ச்சியைக் கேட்பதும் உண்டு, திருச்சி வெயிலுக்குக் கண் சிமிட்டாததும் உண்டு. எந்த வகை வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை எங்கே வைப்பது என்று ஸ்ரீரங்கத்துப் பழைய வீடே சொல்லிவிடும்.

பாலத்தைக் கடந்து மறுபடி தீவுக்குள் வரலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நிலம். ஏழு பிரகாரங்களில் வெளிச்சுற்றுகள் எல்லாம் மனிதர் வசிக்கும் தெருக்கள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கு ஒரே வரிசைதான்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கிணற்றோடு கொல்லை. குறுகலாக இருக்கும், நீளம் போய்க்கொண்டே இருக்கும்.

ரேழியில் எந்த ஆர்க்கிட்டும் பூக்காது. பரிசாக வந்த செடி முதலில் உட்காருவது பெரும்பாலும் அங்கேதான், அல்லது கூடத்து மூலையில். மனிதக் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும். செடிக்கு அது இருட்டு. இலையைப் பார்த்தால் தெரியும். கரும்பச்சையாக, நீளமாக, ஆரோக்கியத்தின் மொத்த உருவமாக இருக்கிறதா? அதுதான் வெளிச்சம் போதவில்லை என்பதன் அடையாளம். பூக்கப் போகும் ஆர்க்கிட்டின் இலை கொஞ்சம் மஞ்சளோடிய இளம்பச்சையாக இருக்கும். நாம் பாராட்டும் அந்தத் தளதளப்பு வேண்டாத ஒன்று என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

முற்றம்தான் ஃபெலனாப்சிஸுக்கு இந்த ஊர் தரக்கூடிய நல்ல இடம். மேலே திறந்திருக்கும், காற்று வெப்பத்தை ஏற்றி அனுப்பிவிடும். நான்கு சுவரும் ஆடிக்காற்றைத் தடுக்கும். தரையில் எப்போதும் ஈரம். செடிக்கு மேல் கையை நீட்டினால் விழும் நிழல் மங்கலாக, ஓரம் கலைந்து இருக்க வேண்டும். விரல்கள் வெட்டிவைத்ததுபோல் தெரிந்தால் வெயில் அதிகம், இலை வெந்துவிடும். கார்த்திகை தீபம் முடிந்ததும் செடியை முற்றத்தின் ஓரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் காலை வெயில் சற்று உள்ளே வந்து போகும். இரவுப் பனியும் சேர்ந்து விழும். விடிகாலைத் திருப்பாவைக்கு எழுந்திருப்பவர்கள் போர்வையைத் தேடும் அந்த நேரம்தான் செடியும் காத்திருந்த நேரம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஏ.சி.யின் வெளிப்பெட்டி அதே பால்கனியில் இருந்தால், அது இரவு முழுக்கச் செடியின் மேல் அனலை ஊதும். சிலர் தலைகீழாக யோசித்து, அந்த ஐந்தாறு வாரம் செடியை இரவில் ஏ.சி. அறைக்குள் எடுத்துப் போய், காலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பலிக்கிறது, எல்லா வருஷமும் அல்ல. ஏ.சி. காற்று வறண்டது, பக்கத்தில் ஈர மணல் தட்டு ஒன்று வைக்க வேண்டும். பகல் வெப்பமும் ஒத்துழைக்க வேண்டும். திருச்சியில் ஃபெலனாப்சிஸ் வளர்ப்பது ஓரளவுக்குச் சூதாட்டம் என்பதைத் தெரிந்துகொண்டு ஆடுவது நல்லது.

கொல்லைக் கிணற்றடி டென்ட்ரோபியத்துக்கு. கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்த வகை. தாய்லாந்து இதை வைத்துப் பெரிய ஏற்றுமதியே செய்கிறது. இரவு குளிர வேண்டும் என்ற அடம் இல்லாத சாது. சின்னக் கரும்புபோல் கணுக்கணுவாகத் தண்டு வரும், கணுவிலிருந்து பூக்காம்பு. தென்னை நிழலோ, 50 சதவீத நிழல்வலையோ போதும். இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இலை உதிர்ந்த பழைய தண்டைச் செத்துப்போனது என்று வெட்டிவிடுகிறார்கள். அது சாகவில்லை. செடியின் தண்ணீரும் சத்தும் சேமித்த தானியக் குதிர் அது. சில சமயம் அந்த மொட்டைத் தண்டிலேயே பூவும் வரும். சுருங்கி மஞ்சளாகிக் காகிதம்போல் ஆகும்வரை தொடக் கூடாது. முதன்முதலாக ஆர்க்கிட் வாங்கும் திருச்சிக்காரர் இதில் தொடங்கினால் கைவிடாது.

மொட்டை மாடி வாண்டாவுக்கு. இதற்கு வெயில் வேண்டும், தொட்டி வேண்டாம். மரச்சட்டக் கூடையில் நான்கு கரித்துண்டோடு உட்கார வைத்தால் வேர்கள் ஒன்றரை முழம் கீழே தொங்கும். அந்த வேர்கள் தினமும் காலையில் நனைய வேண்டும், மதியத்துக்குள் காய வேண்டும். கோடையில் இரண்டு வேளை.

இந்த இடத்தில் சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருச்சி விமான நிலையத்திலிருந்து மதுரைக்குப் போவதுபோல் சிங்கப்பூர் போய்வருகிற ஊர் இது. சாங்கியில் இறங்கியதும் கண்ணில் படுவது ஆர்க்கிட். சிங்கப்பூரின் தேசிய மலரே ஒரு ஆர்க்கிட்தான்: வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அர்மீனியப் பெண்மணியின் பெயர் தாங்கி 1893இல் அறியப்பட்ட கலப்பினம். 1981இல் தேசிய மலரானது. அதன் தாய்தந்தைச் செடிகளில் ஒன்று நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வளர்வது. பென்சில்போல் உருண்ட இலை. முழு வெயிலில், ஒரு கம்பத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, கம்பத்தின் தலையைத் தாண்டிய பிறகுதான் தாராளமாகப் பூக்கும். சிங்கப்பூர் இரவும் திருச்சி இரவைப்போலக் குளிராதது. இருந்தும் அங்கே பூத்துக் குலுங்குகிறதே என்றால், இந்த வகைகள் வெப்ப மண்டலத்துக்காரர்கள், அத்தோடு அங்கே காற்றில் எப்போதும் ஈரம். திருச்சியில் ஆனி, ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து துணியைப் பத்து நிமிஷத்தில் காயவைக்கும். வெப்பம் ஒன்றுதான், ஈரத்தைத்தான் நாம் தயாரித்துக் கொடுக்க வேண்டும். செடிக்குக் கீழே தண்ணீர் தெளித்த செங்கல், சுற்றிலும் நாலு பெரணி, காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கு. மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் தீவு முழுக்கக் காற்றே மாறிவிடும். மணலாகக் கிடக்கும் வருஷங்களில் செடியும் அதைச் சொல்லும்.

சிங்கப்பூரிலிருந்து வரும்போது சூட்கேஸில் சேலைக்கு நடுவே ஒரு செடியைச் சுருட்டிவைத்துக் கொண்டுவர ஆசை வரும். வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடியைக் கொண்டுவருவது சட்டப்படி தவறு. கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் பூஞ்சையும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வரும்.

இனி சில்லறை விஷயங்கள், ஆனால் இவற்றில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது. உடைத்த செங்கல், அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு போதும். ஸ்ரீரங்கத்தில் மட்டைக்குப் பஞ்சமில்லை. உப்பும் துவர்ப்பும் போக நாலைந்து நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் நல்லது. உப்புப் போர்வெல் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. முருங்கை தாங்கும், ஆர்க்கிட் தாங்காது. அது உப்பைத் திரட்டிய தண்ணீர். ஐப்பசி மழையில் இரண்டு குடம் பிடித்துவைத்தால் அதுவே அமிர்தம்.

உரம்? உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை, அதுவும் வேர் நனைந்த பிறகு. பூக்கவில்லையே என்ற கவலையில் அளவைக் கூட்டினால் இன்னும் நாலு இலைதான் கிடைக்கும். பூத்து முடிந்த ஃபெலனாப்சிஸ் காம்பு பச்சையாகவே இருந்தால் அடியிலிருந்து இரண்டு, மூன்று கணு விட்டு மேலே வெட்டலாம். தெம்பான செடியானால் கிளைத்து மறுபடி பூக்கும். காய்ந்த காம்பை அடியோடு எடுத்துவிடலாம்.

இன்னொன்று, திருச்சிக்கே உரிய ஆபத்து. பழுக்கும் வாழைத்தார் எத்திலீன் என்ற வாயுவை விடும். அந்த வாயு பட்டால் ஆர்க்கிட்டின் மொட்டு பூப்பதற்கு முன்பே மஞ்சளாகி உதிரும். மூன்று வருஷம் காத்திருந்து மொட்டு வந்த வாரத்தில், அதே கூடத்தில் பூவன் தாரைத் தொங்கவிட்டு, திருஷ்டி பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றியவர்கள் இருக்கக்கூடும். மிளகாய்ப் புகையும் மொட்டுக்கு நல்லதல்ல!

மலையிலிருந்து எடுத்து வந்தால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். துறையூர் தாண்டினால் பச்சைமலை. நாமக்கல் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. இரண்டிலும் மரங்களில் ஆர்க்கிட் உண்டு. சுற்றுலாப் போகிறவர்கள் கிளையோடு ஒடித்து வருவதையும் காணலாம். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். அதைவிட, அந்த மலைச் செடி திருச்சியின் முதல் சித்திரையைத் தாண்டாது. மலையில் ஒரு விதை செடியாகிப் பூக்கப் பல வருஷம் ஆகும். தூசியைவிடச் சிறிய அந்த விதைக்கு முளைக்கும்போது ஒரு பூஞ்சையின் துணை வேறு தேவை. நாலு பேர் ஆளுக்கொன்று ஒடித்தால் ஒரு மரம் காலி. வாண்டா டெசலேட்டாவுக்கும் இதே கதை. வடக்கே சில வட்டாரங்களில் ராஸ்னா என்ற மருந்துச் சரக்காக அதைப் பறிக்கிறார்கள். தெற்கே ராஸ்னா என்றால் அரத்தை என்பதால் இங்கே அது கொஞ்சம் தப்பித்தது.

இயற்கையாகப் பூத்த ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா அங்கே. கொடைக்கானல் போனால் செண்பகனூரில் ஜேசு சபையினரின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த ஆர்க்கிட் கூடம். தூய வளனார் கல்லூரியின் செடித் தேடலுக்கு அது ஒருவகையில் பங்காளி வீடு. வீட்டுக்குச் செடி வாங்க நர்சரிதான் சரி. வாங்கும்போது, பூவோடு இருக்கும் டென்ட்ரோபியமா, அல்லது பூக்கவே இன்னும் மூன்று வருஷம் இருக்கும் விரல் நீளக் குட்டியா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆன்லைனில் படத்தில் பூ இருக்கும். பெட்டிக்குள் குட்டி இருக்கும்.

மலையாளத்தில் ஆர்க்கிட்டுக்கு மரவாழ என்று பெயர். மரத்தின் மேல் இருக்கும் வாழை. எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொருந்தாவிட்டாலும், வாழையை வளர்த்துப் பழகிய காவிரிக் கரைக்குக் காதில் நன்றாக விழுகிற பெயர்.

தை பிறந்து பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்த பிறகு, முற்றத்து ஃபெலனாப்சிஸை இலை இலையாகத் தூக்கிப் பார்க்கும் காலம் வரும். கீழிருந்து மூன்றாவது இலையின் அக்குளில் பச்சையாக ஒரு முளை. உடனே துள்ளக் கூடாது. அது வேராகவும் இருக்கலாம். வேரானால் நுனி உருண்டு, மொழுமொழுவென்று பளபளக்கும். கொஞ்ச நாளில் கீழே போகும். பூக்காம்பானால் நுனி தட்டையாக, குழந்தையின் விரலில்லாத கம்பளிக் கையுறைபோல் ஒரு பக்கம் மடிந்திருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து மேலே திரும்பும். அங்கிருந்து பூ விரிய இரண்டு, மூன்று மாதம். பங்குனி உத்திரச் சேர்த்திக்குள் முதல் பூ வந்துவிடலாம்.

வீடியோ காலில் போன் செடிக்கு அருகே போகும், கை நடுங்கும், படம் கலங்கும். "கிட்டக்க காட்டும்மா. இன்னும் கிட்டக்க. மூக்கு மடிஞ்சிருக்கா?"

"கண்ணாடி போடாம தெரியலடி. இரு, அப்பாவைக் கூப்பிடறேன்."

அப்பா வருகிறார். குனிந்து பார்க்கிறார். கூடத்துக் கொக்கியில் தொங்கும் வாழைத்தாரை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போகிறார்.